ஜீப்புக்கு அடியில் ஒரு செய்தித்தாள்

ஏலத்தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த 1974 மாடல் ஜீப் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் வைத்தே மீட்டெடுத்த கதை இது. ஆறு மாதம் என்று ஆரம்பித்த வேலை இரண்டு வருஷத்தைத் தாண்டியது. நடுவில் ஒரு துவைகல் இரண்டாகப் பிளந்தது.

எங்கள் வீட்டில் தினமும் இரண்டு செய்தித்தாள் படிப்பேன். ஒன்று வாசலில் வந்து விழுவது. இன்னொன்று, முந்தாநாள் பேப்பர், கொட்டகையில் ஜீப்புக்கு அடியில் விரித்துக் கிடப்பது. காலையில் எழுந்ததும் நான் முதலில் குனிந்து பார்ப்பது இரண்டாவதைத்தான்.

அதில் செய்தி எழுத்தில் இருக்காது, சொட்டில் இருக்கும். கறுப்பாக மை போலப் பரவியிருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் கெட்டியாக, லேசான கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையாக இருந்தால் ரேடியேட்டரின் கூலன்ட். நிறமே தெரியாமல், காகிதத்தைக் கண்ணாடித்தாள் மாதிரி ஆக்கிவிட்டுக் காயாமல் கிடந்தால் பிரேக் ஆயில். சொட்டு விழுந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நேர் மேலே பார்த்தால், குற்றவாளி அங்கேதான் தொங்கிக்கொண்டிருப்பான்.

இந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுத்தவர் போடிநாயக்கனூரில் ஐம்பது வருஷம் ஜீப் வேலை பார்த்த மெக்கானிக். பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வாக இருந்தவரை நான்தான் மறுபடி கிரீஸில் கை வைக்க வைத்தேன். பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. "பேரப் போட்டீங்கன்னா நாளைக்கே நாலு பேரு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துருவாய்ங்க தம்பி" என்றார். எனவே இந்தக் கட்டுரையில் அவர் வெறும் 'பெரியவர்'.

அவர் பேப்பர் விரிக்கச் சொன்னார், விரித்தேன். படிக்கச் சொன்னார், படித்தேன். ஒரே ஒரு நாள் மட்டும் ஒரு சொட்டைத் தப்பாகப் படித்துவிட்டேன்.

மெட்டு ஏறி இளைத்த வண்டி

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு ஜீப் என்பது சாகச வண்டி இல்லை, வேலைக்குப் போகிற வண்டி. விடியுமுன்னே போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து தூக்குவாளியோடு கிளம்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். பொழுது சாய இறங்கும். கொழுக்குமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், அதற்கு வண்டி ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. அந்தக் கல்லுப் பாதையில் இன்றைக்கும் நம்பி ஏறுவது ஜீப்பில்தான்.

என் வண்டியும் அப்படி உழைத்ததுதான். மகிந்திரா சி.ஜே. 3பி, பெட்ரோல் இன்ஜின். ஒரு ஏலத்தோட்டத்தின் பலாமரத்தடியில் பதினோரு வருஷம் நின்றிருந்தது. இருக்கையில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பின்பக்கத் தரையில் ஒரு பலாக்கொட்டை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏப்பா, இதக் காசு குடுத்தா வாங்குன? எடுத்துட்டுப் போறதுக்கு அவுகள்ல ஒனக்குக் காசு குடுத்துருக்கணும்!"

மறுநாள் பெரியவர் வந்தார். கையில் இரண்டே கருவி: துணி சுற்றிய ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர். காந்தத்தை உடம்பெல்லாம் நகர்த்திக்கொண்டே போனார். இரும்பு இருந்த இடத்தில் அது 'டப்' என்று ஒட்டியது. கதவோரத்திலும் பின்சக்கர மேட்டிலும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அங்கே இரும்பே இல்லை. விரல் தடிமனுக்குப் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். அடுத்து வண்டிக்கு அடியில் படுத்து, தரைத்தகட்டைத் தாங்கும் பெட்டிச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். மைசூர்பாகில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

எழுந்து வந்து, கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் நான்கு சொல் எழுதினார்: பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின், பெயின்ட்.

"மொதல்ல நிப்பாட்டணும். அப்புறம் திருப்பணும். அதுக்கப்புறம் ஓட்டலாம். அழகு கடைசி. இந்த வரிசைய மாத்துனீங்கன்னா ஒவ்வொரு வேலையவும் ரெண்டு தடவ பாப்பீங்க."

தலையாட்டினேன். பிறகு மாற்றினேன்.

49 நாளில் பிறந்த வடிவம்

வீட்டுக் கொட்டகையில் ஒரு வண்டியை முழுதாகப் பிரித்துப் பூட்டலாம் என்ற துணிச்சல் எனக்கு எப்படி வந்தது? பதில் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

1940-ல், ஐரோப்பாவில் போர் மூண்ட பின்பு, அமெரிக்க ராணுவம் ஓர் இலகுவான நாற்சக்கர இழுவை வண்டிக்கு 135 நிறுவனங்களிடம் வடிவம் கேட்டது. முதல் மாதிரியை ஒப்படைக்கக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சிறு நிறுவனம் கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரைப் பிடித்து, கெடு முடிவதற்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியது. ஆனால், ராணுவம் கேட்ட அளவுக்குச் செய்து குவிக்கும் வசதி அந்த நிறுவனத்துக்கு இல்லை. ஆர்டரின் பெரும்பகுதி வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன.

போர்முனையில் சேற்றில் படுத்துக்கொண்டு, நாலைந்து ஸ்பேனரை வைத்துக்கொண்டு ஒரு சிப்பாய் பழுது பார்க்க வேண்டிய வண்டி அது. அதனால்தான் அதன் உடம்பில் வளைவு நெளிவு குறைவு. தட்டையான தகடு, நேரான மடிப்பு. ஏணி மாதிரி ஒரு சேஸிஸ். அதன்மேல் பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு ஆக்சில். சுத்தியலும் மடிப்பு மேசையும் வைத்திருக்கும் உள்ளூர் டிங்கர் அதன் பக்கத்தகட்டைச் செய்துவிட முடியும். இன்றைய கார் ஒன்றின் கதவை அப்படிச் செய்ய முடியுமா?

இந்தியாவுக்கு அது வந்த கதையும் சுவையானது. 1945-ல் 'மகிந்திரா அண்ட் முகமது' என்று தொடங்கிய இரும்பு வணிக நிறுவனத்தில் ஒரு பங்காளி குலாம் முகமது. பிரிவினைக்குப் பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, பிற்பாடு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948-ல் பெயர் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' என்று மாறியது. அந்த நிறுவனம்தான் வில்லிஸ் ஜீப்பை உதிரியாக இறக்கிப் பூட்ட ஆரம்பித்து, பிறகு இங்கேயே செய்தது. சி.ஜே. 3பி மாடலை அமெரிக்காவில் 1953-ல் தொடங்கி 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவில் அது அதன்பிறகும் வெகுகாலம் வாழ்ந்தது. பானெட் மட்டும் உயரமாகத் தூக்கி நிற்கும் அந்த முகம், உள்ளே இருக்கும் இன்ஜினின் உயரத்தால் வந்தது. அழகுக்காக யாரும் தூக்கவில்லை.

அரை இன்ச்சும் 13 எம்.எம்.மும்

பிரிப்பது சுலபம் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே மூன்று பாடம்.

ஒன்று, ஸ்பேனர். என்னிடம் இருந்தது எம்.எம். செட். ஜீப்பில் இருப்பதெல்லாம் இன்ச் நட்டு. அரை இன்ச் என்பது 12.7 எம்.எம். அதில் 13 எம்.எம். ஸ்பேனர் பொருந்துவது போலவே இருக்கும். 0.3 எம்.எம். இடைவெளிதானே? ஆனால் ஐம்பது வருஷத் துரு பிடித்த நட்டை அழுத்தித் திருப்பும்போது அந்த இடைவெளி ஆறு மூலையையும் மழித்துவிடும். பன்னிரண்டு நட்டை உருண்டையாக்கிய பிறகுதான் பழைய இன்ச் செட் ஒன்றைத் தேடி வாங்கினேன்.

இரண்டு, மரை. இடது பக்கச் சக்கரத்தின் நட்டு அசையவில்லை. ஸ்பேனர் வாலில் மூன்றடிப் பைப்பை மாட்டி, அதன்மேல் ஏறி நின்று குதித்தேன். 'டங்' என்று சத்தம். கழன்றுவிட்டது என்று மகிழ்ந்து பார்த்தால், முறிந்திருந்தது. வில்லிஸ் வடிவமைப்பில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. அதாவது, மற்ற நட்டு இறுகும் திசையில் திருப்பினால்தான் இது கழலும். ஓடும் வேகத்தில் நட்டு தானாகத் தளரக் கூடாது என்பதற்காக அன்று செய்த ஏற்பாடு. ஸ்டட்டின் முகத்தில் 'எல்' என்று ஒரு எழுத்தும் வெட்டியிருந்தார்கள். துருவைத் துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் குதித்து முடித்த பிறகு துடைத்தேன்.

மூன்று, ஞாபகம். கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரே வாளியில் போட்டேன். 'பார்த்தால் தெரியாதா' என்ற எண்ணம். எட்டு மாதம் கழித்து வாளியைக் கவிழ்த்தபோது, இருநூறு போல்ட்டில் எது எங்கே இருந்தது என்று அந்த ஜீப்பைச் செய்தவருக்கே தெரிந்திருக்காது. இன்றைக்கு என் கொட்டகையில் ஐஸ்க்ரீம் டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய ஒட்டுத்தாள். கழற்றுவதற்கு முன் எடுத்த போட்டோ செல்போனில்.

இறுகிப்போன போல்ட்டுக்கு மருந்து பலமில்லை, பொறுமைதான் என்பதை லேத் பட்டறையில் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு ஸ்டட் பிளாக்கின் மட்டத்துக்கு முறிந்துவிட்டது. லேத்காரர் அதன் தலையில் ஒரு நட்டை உட்கார வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளேயே வெல்டிங் வைத்தார். சிவந்து, மெல்ல ஆறியது. பிறகு ஸ்பேனரைப் போட்டு, கால் இன்ச் முன்னே, கால் இன்ச் பின்னே என்று தாலாட்டினார். முறிந்த துண்டு புழு நெளிவதுபோல வெளியே வந்தது. அவர் அந்த வேலைக்கு எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது நிமிஷம். நானாக இருந்தால் நாலு நிமிஷத்தில் பிளாக்கையே பாழாக்கியிருப்பேன்.

பெயின்ட் அடித்த பாவம்

ஐந்தாவது மாதம் ஊரில் திருவிழா. சொந்தக்காரர்கள் வருவார்கள். கொட்டகையில் துருப்பிடித்த எலும்புக்கூடு நிற்பதைப் பார்த்து என்ன சொல்வார்கள்? சுவரில் எழுதியிருந்த நான்கு சொல்லில் நான்காவதை முதலில் எடுத்தேன். சேஸிஸ், ஆக்சில், பைப்பு, பாடி எல்லாவற்றுக்கும் துரு தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்பும் ராணுவப் பச்சையுமாக அடித்துத் தள்ளினேன்.

திருவிழாவுக்கு வந்த எல்லோரும் வண்டி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "புது வண்டி மாதிரில்ல இருக்கு!" பெரியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் தரைத்தகட்டுச் சட்டத்துக்கு வெல்டிங் வைக்க வேண்டிவந்தது. ஸ்க்ரூ டிரைவர் இறங்கிய அதே இடம். வெல்டிங் சூட்டில் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்ட் பொரிந்து உதிர்ந்தது. மறுபடி தேய்த்தேன், மறுபடி அடித்தேன்.

அது காய்வதற்குள் பிரேக் வேலை. இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் இருப்பது கால் வைக்கும் தரைக்கு அடியில். ஆயில் ஊற்றும்போது கொஞ்சம் வழிந்தது. துணியால் துடைத்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால், சேஸிஸின் மேல் பால் ஆடை போலப் பெயின்ட் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது ஒவ்வொரு பட்டறைப் பையனுக்கும் தெரியும்.

மூன்றாம் முறை தேய்த்தேன். இதெல்லாம் பணத்துக்கும் நேரத்துக்கும் வந்த நஷ்டம்தான். அந்தப் பெயின்ட் செய்த பெரிய துரோகம் இன்னும் பாக்கி இருந்தது.

விடாத பிரேக்கும் நிற்காத வண்டியும்

பிரேக் வேலையை நானே செய்தேன். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருந்த தூசியை ஊதப் போனேன். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

சிலிண்டருக்குப் புது ரப்பர் கப் வாங்கினேன். இன்ஜின் பாகங்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவிப் பழகிய கை, அதையும் மண்ணெண்ணெயில் ஒரு முக்கு முக்கிச் சுத்தமாகப் பூட்டியது. முதல் நாள் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. இரண்டாம் நாள் பிடித்த பிரேக் விடவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் வண்டி நகர மறுத்தது.

காரணம் எளிது. பிரேக் ரப்பருக்கும் மண்ணெண்ணெய், பெட்ரோல் வகைக்கும் ஆகாது, பட்டால் வீங்கும். பெடலை விட்டதும் ஆயில் திரும்பி வருவதற்கு மாஸ்டர் சிலிண்டருக்குள் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. வீங்கிய ரப்பர் அதை அடைத்துக்கொண்டது. போன ஆயில் வர வழியில்லை. எல்லா ரப்பரையும் தூக்கிப் போட்டுவிட்டு, புதுசு வாங்கி, பிரேக் ஆயிலிலேயே கழுவிப் பூட்டினேன்.

அப்போதே பெரியவர் கேட்டார், "பைப்பெல்லாம் மாத்தியாச்சா?"

"மூணு மாத்திட்டேண்ணே. பின்னாடி ஆக்சில் மேல போறது மட்டும் நல்லாத்தான் இருக்கு."

நன்றாக இருந்ததா? பளபளப்பாக இருந்தது. நான்தானே கறுப்பு அடித்திருந்தேன்.

அந்த வாரம் ஒரு காலையில், ஜீப்புக்கு அடியில் விரித்த பேப்பரின் பின்மூலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் ஈரம். நிறமில்லை. ராத்திரி தூறல் போட்டிருந்தது. கொட்டகைக் கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன். தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் வழுவழுவென்று இருந்திருக்கும். தண்ணீர் காய்ந்துவிடும், இது காயவில்லையே என்றும் யோசிக்கவில்லை.

அன்றைக்குத்தான் வண்டியைக் கொட்டகையிலிருந்து பின்கட்டுக்கு முதன்முதலாக உருட்டி இறக்கினேன். லேசான இறக்கம். நடக்கிற வேகம்கூட இல்லை. பெடலை மிதித்தேன், பிடித்தது. இன்னொரு தடவை அழுத்தி மிதித்தேன். பெடல் காற்றில் கால் வைத்தது போலத் தரை வரைக்கும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் ஜீப் போய் அம்மாவின் துவைகல்லில் முட்டி நின்றது. பம்பர் வளையவில்லை. கல் இரண்டாகப் பிளந்தது. பத்து நிமிஷம் முன்புவரை அம்மா அங்கே நின்று துவைத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் சுற்று. இன்றைய வண்டிகளில் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். இதில் ஒரு பைப்பில் ஒரு துளை விழுந்தால் நாலு சக்கரமும் கை விட்டுவிடும். துளை விழுந்தது, பின் ஆக்சிலில் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில். வெளியே என் கறுப்புப் பெயின்ட். அதற்கு அடியில், சல்லடையாக அரித்த பைப். பெயின்ட் அடிக்காமல் விட்டிருந்தால் துரு கண்ணில் பட்டிருக்கும். கண்ணை ஏமாற்றிய பட்டியைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். அதே வேலையை என் கையாலேயே செய்திருந்தேன்.

பெரியவர் வந்தார். கல்லைப் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பேப்பரை எடுத்து, அந்த மூலையை இரண்டு விரலால் தேய்த்தார்.

"பேப்பர் போட்டீங்களே தம்பி, படிச்சீங்களா?"

அன்று சாயந்தரம் நானே சாக்பீஸை எடுத்து, சுவரில் அழிந்திருந்த நான்கு சொல்லையும் அதே வரிசையில் மறுபடி எழுதினேன்.

ஒரு பல் தவறினால்

பிறகு வேலை மெதுவாக நடந்தது, ஆனால் ஒரு தடவைதான் நடந்தது. பைப், ஹோஸ் எல்லாம் புதுசு. அடுத்து ஸ்டீயரிங். கால் சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் யோசிக்க ஆரம்பிக்கும் நிலை. கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், நடுவில் திருப்பும் பெல் கிராங்கின் புஷ் என்று ஒவ்வொன்றிலும் ஒரு நூல் தேய்மானம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிசில்லை. எல்லாம் சேர்ந்துதான் முன்சக்கரத்தை ஆட்டம் போட வைத்திருக்கிறது.

மூன்றாவதாக இன்ஜின். 2,199 சி.சி., நாலு சிலிண்டர். இதில் ஒரு விசித்திரம் உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும்; புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். மேலே உள்ளதற்கு இன்ச்சில் ஆயிரத்தில் 18 பங்கு இடைவெளி, கீழே உள்ளதற்கு 16 பங்கு. ஃபீலர் கேஜை வைத்துக் கீழ் வால்வைச் சரிசெய்வது, இருட்டில் அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

எல்லாம் பூட்டி, ஸ்டார்ட் பண்ணினால் கார்ப்பரேட்டர் வழியாக 'டப்' என்று வெடித்தது. ஒரு நாக்கு தீ வெளியே வந்துவிட்டுப் போனது. பிளக் ஒயர் 1-3-4-2 வரிசையில் சரியாகத்தான் இருந்தது. பாயின்ட் புதுசு, கன்டென்சர் புதுசு. மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பெரியவர் கேட்ட ஒரே கேள்வி: "ஆயில் பம்பக் கழத்துனீங்களா?"

கழற்றியிருந்தேன். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது ஆயில் பம்பின் தண்டில் உள்ள வெட்டில் நாக்கை மாட்டிக்கொண்டுதான். பம்பைத் திரும்பப் பூட்டும்போது கேம் ஷாஃப்ட்டின் பல்லில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டால், மேலே எவ்வளவு டைமிங் பார்த்தாலும் கூடிவராது. கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கத்திலேயே மூன்று வாரம் தேடியிருக்கிறேன். கோளாறு கீழே கிடந்தது.

மறுபடி பூட்டி, முன்பக்கம் ஹேண்டிலை மாட்டினோம். "கட்டவிரல சுத்திப் பிடிக்காதீங்க. நாலு விரலோட சேத்து ஒரே பக்கமா வைங்க" என்றார். இன்ஜின் பின்னடித்தால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று கட்டைவிரலை முறித்துவிடும். அவருடைய வலது கட்டைவிரல் சற்றே கோணலாக இருந்ததை அன்றுதான் கவனித்தேன். மூன்றாவது இழுப்பில் இன்ஜின் இருமியது. நான்காவதில் பிடித்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் ஃப்யூயல் பம்பின் ஜவ்வும் அதற்குப் பழகியவை அல்ல. நாளடைவில் இளகி விடும். பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கும் வண்டியில் கசிவு என்பது விளையாட்டில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றினேன். கையெட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பான் எப்போதும் உண்டு.

காகிதமும் ஒரு பாகம்தான்

இந்த வண்டிக்கு முன்னால் இன்னொரு ஜீப்பைப் பார்த்து, முன்பணம் கொடுக்கும் வரை போனேன். ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் டீசல் இன்ஜின் சிரித்தது. டீசல் மலிவாக இருந்த காலத்தில் பல ஜீப்புகளுக்கு மெட்டடார் வேனின் இன்ஜினைத் தூக்கி வைத்தார்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி செல்லாது. என்னதான் பாடுபட்டுச் செய்தாலும் அந்த வண்டி சாலையில் குற்றவாளிதான். திரும்பி வந்துவிட்டேன்.

ஐம்பது வயதைக் கடந்த வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், அன்றாடப் புழக்கத்துக்கு இல்லை. ஜீப்பை ஷோகேஸில் வைப்பதற்கு நான் இவ்வளவு பாடுபடவில்லை. அதனால் வழக்கமான முறையில் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்த நாள், எண் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தபோது, முதல் தடவை இன்ஜின் பிடித்ததைவிட நிம்மதியாக இருந்தது.

செலவு? ஒன்றரை லட்சம் என்று நோட்டில் எழுதித் தொடங்கினேன். மூன்றரை லட்சத்தில் நோட்டை மூடினேன். அதில் கிட்டத்தட்ட எண்பதாயிரம், ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்ததற்கு.

பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா?

• பேரம் பேசுவதற்கு முன் ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப் பாருங்கள். எரிபொருள் வகையையும் சேர்த்து.

• துணி சுற்றிய காந்தமும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

• அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸில் விரிசலோ ஒட்டுப்போட்ட வெல்டிங்கோ இருந்தால் யோசியுங்கள். இன்ஜின் கோளாறைவிட அது பெரிய செலவு.

• ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்டு வைத்து, ஒரு தடவை ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை நுழைக்க வேண்டும்.

• ஃபோர் வீல் போட்டுக் காய்ந்த தார்ச்சாலையில் ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கியரும் டயரும் தேயும். அது சேற்றுக்கும் மணலுக்கும்தான்.

• பிரேக் பைப், ஹோஸ், ரப்பர் மூன்றையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நாலு மூலையும் தெளிவாக

போன மாதம் வண்டியை முதல் தடவையாகப் போடிமெட்டு ஏற்றலாம் என்று முடிவு. முந்தின நாள் ராத்திரி வழக்கம்போல முழுப் பேப்பரை விரித்து வைத்தேன். காலையில் பெரியவர் வந்துவிட்டார். இப்போது வண்டிக்கு மங்கலான பச்சை நிறம். பின்கதவில் தோட்டத்துக்காரர்கள் எழுதியிருந்த பழைய எண்ணை மட்டும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். அவர் அதையெல்லாம் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"பேப்பர எடுங்க" என்றார்.

உருவிக் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரித்துப் பிடித்தார். நடுப்பக்கத்தில் தேன் நிறத்தில் இரண்டு சொட்டு. அதைப் பார்த்துத் தலையாட்டினார். இந்த ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படித்தான், ஒழுகுவது அதன் பிறவிக்குணம். பிறகு பேப்பரின் ஒவ்வொரு மூலையையும், நான்கு சக்கரத்துக்கு நேரே இருந்த நான்கு இடத்தையும், விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கடைசி மூலையில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அதை வாய்விட்டு முழுதாகப் படித்தார்.

"நாலு மூலையிலயும் எழுத்து தெளிவாத் தெரியுது தம்பி. எடுங்க வண்டிய."